கிராக் தெரியவில்லை

என் பெரிய மண்டை அண்ணாவுக்கு,

நேற்று கீர்த்தி ஸ்கேன் சென்டருக்கு வந்தாள். சனிக்கிழமை அரை நாள் பள்ளிக்கூடம் முடிந்து, முதுகில் பையோடு, தண்டலம் நிறுத்தத்தில் இறங்கி, தனியாக. உன் மகளுக்கு இப்போது பதினொரு வயது. நெற்றித் தழும்பை முடியை இழுத்துவிட்டு மறைக்கிறாள்.

என் நாற்காலியில் உட்கார்ந்தாள். திரையைப் பார்த்தாள்.

"அத்த, அப்பாவோட ஸ்கேன் இதுல கீதா?"

"இருக்கு."

"அதுல அப்பாவோட கோவம் எங்க கீதுன்னு காட்டு."

உள்ளே ஒரு நோயாளி காத்திருக்கிறார் என்று சொல்லி எழுந்துவிட்டேன். உள்ளே யாரும் இல்லை. காலியான இயந்திரத்தின் பக்கத்தில் ஐந்து நிமிடம் நின்றேன்.

நாளைக்குச் சொல்கிறேன் என்று அவளை மண்ணூர் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். இன்று ஞாயிறு. மாலையில் அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும். முதலில் உனக்குச் சொல்லிப் பார்க்கிறேன். உன்னிடம் பொய் சொன்னால் என் கை எழுதாமல் நின்றுவிடும். இதை ஒரு பத்திரிகைக்கும் அனுப்பப்போகிறேன், அண்ணா. உன்னை அடித்தவர்களும் நீ அடித்தவர்களும் இதே சாலையில்தான் ஷிப்ட் பேருந்து ஏறுகிறார்கள். யாராவது படிக்கட்டும்.

முதலில் உன் வேலை. ஒரகடத்தில், பழுக்கக் காய்ச்சிய இரும்பைச் சுத்தியல் இயந்திரத்தில் அடித்து, கார்ச் சக்கரத்தைத் தாங்கும் துண்டுகள் செய்யும் ஆலை. உன் இடம் சுத்தியலின் அடியில் இல்லை. அதற்கு அப்பால் ஓர் இருட்டு அறை. அடிபட்டு ஆறிய துண்டு உன் மேசைக்கு வரும். கண்ணுக்கு அது முழுசாக இருக்கும். நீ அதைக் காந்தமாக்கி, மேலே ஒரு திரவத்தை ஊற்றி, ஊதா விளக்கைப் போடுவாய். விரிசல் இருந்தால் ஒரு பச்சை முடியைப் போல எரியும்.

நல்லதற்கு வெள்ளைப் பொட்டு. கெட்டதற்குச் சிவப்பு. சந்தேகத்துக்கு மஞ்சள். மஞ்சள் என்றால் தூக்கி எறியக் கூடாது, வண்டியில் ஏற்றவும் கூடாது. தனியாக வைத்துத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்.

புதிதாக வருகிறவர்களைத் திட்டியதை வீட்டில் வந்து நடித்துக் காட்டுவாய். "கிராக் இல்லன்னு எழுதறியே, நீ இன்னா கடவுளா? உன் லைட்டுக்குத் தெரியல. அவ்ளோதான். கிராக் தெரியலன்னு எழுது!"

கீர்த்தி சிரிப்பாள். நானும் சிரித்தேன். நான் அப்போது இமேஜிங் டெக்னாலஜி படித்து முடித்து, சி.டி., எம்.ஆர்.ஐ. இரண்டையும் இயக்கிக்கொண்டிருந்தேன். உன் வேலையும் என் வேலையும் ஒன்று என்பது எனக்கு உறைக்கவில்லை.

அன்று காலை ஷிப்ட். பத்து மணி இருக்கும். துண்டு எடுக்க நீ அறைக்கு வெளியே வந்த நேரம், மேலே சங்கிலியில் தூக்கிய இரும்பு அச்சு நழுவி, சங்கிலியின் கொக்கி சுற்றிக்கொண்டு வந்து உன் தலையின் வலப்பக்கம் அடித்தது. ஹெல்மெட் தேங்காய் மூடிபோல் இரண்டாயிற்று. ஒரு நிமிடம் உனக்கு நினைவில்லை. எழுந்ததும் "எத்தினி பீஸ் ஆச்சு?" என்று கேட்டாயாம்.

கம்பெனி வேனில் என் சென்டருக்கே கொண்டுவந்தார்கள். கூடவே எச்.ஆர். ஆள். உன் தலையை நான்தான் ஸ்கேன் மேசையின் தலைத்தாங்கியில் வைத்தேன். பொருந்தவில்லை. சின்ன வயதில் எந்தத் தொப்பியும் உனக்குப் பொருந்தியதில்லை. "அடங்கல பாரு" என்று நீயே சிரித்தாய். காதோரம் ரத்தம் காய்ந்திருந்தது.

சி.டி. என்ன செய்கிறது? தலையைச் சுற்றி எக்ஸ்ரேயைப் பாய்ச்சி, எவ்வளவு ஊடுருவியது, எவ்வளவு தடைபட்டது என்று அளக்கிறது. எலும்பு வெள்ளை. நீர் கறுப்பு. மூளை இரண்டுக்கும் இடைப்பட்ட சாம்பல். புதிதாகக் கொட்டிய ரத்தம் வெள்ளை. அடிபட்டு வந்தவனுக்கு அந்த வெள்ளையைத்தான் தேடுவோம். அவசரத்தில் அதைவிட நல்ல கருவி கிடையாது. ஒரு நிமிடத்தில் உயிரைக் காப்பாற்றும்.

உன் படத்தில் வெள்ளை இல்லை. எலும்பும் உடையவில்லை. டாக்டரும் பார்த்துவிட்டு அப்படியே எழுதினார். நான் வெளியே ஓடிவந்தேன்.

"நார்மல்ண்ணா. ஒண்ணும் இல்ல."

நீ என்னை ஒரு விநாடி பார்த்தாய். என்ன எதிர்பார்த்தாய்? "இல்ல"யையா, "தெரியல"யையா?

எச்.ஆர். ஆள் ஃபோனில் சொல்லிக்கொண்டிருந்தார். "நார்மல் சார். அவங்க தங்கச்சியே எடுத்துட்டாங்க சார். வியாழக்கிழமை டூட்டிக்கு வந்துடுவாரு."

வியாழக்கிழமை நீ போனாய்.

அதற்குப் பிறகு நான்கு மாதம். உனக்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று தெரியவில்லை. எனக்கு எல்லாம்.

முதலில் குக்கர். விசில் சத்தம் பிடிக்கவில்லை என்று அடுப்போடு இழுத்துத் தரையில் அடித்தாய். பிறகு டி.வி. பிறகு அண்ணி. அமுதா அண்ணியின் இடது கை மணிக்கட்டில் உன் ஐந்து விரலும் ஒரு வாரம் இருந்தன. வாரத்துக்கு ஒன்று என்று இருந்தது, நாளுக்கு ஒன்று ஆயிற்று. அடித்து முடித்ததும் சுவரில் உன் தலையை நீயே மோதுவாய். சுண்ணாம்பு உதிரும். எனக்கு அந்த ஓசை வேலை செய்யும் இடத்திலும் கேட்டது.

ஒரு நாள் நடுவில் புகுந்தேன். என் பின்னலைக் கையில் சுற்றி, கதவில் என் நெற்றியை இரண்டு முறை அடித்தாய். மூன்றாவதற்கு முன் நின்று கேட்டாய்.

"ஒண்ணும் இல்லன்னு சொன்னல்ல? அப்போ இது இன்னாடீ?"

என்னிடம் பதில் இல்லை. ஊரிடம் இருந்தது. "ஸ்கேன்ல நார்மல்னு வந்துச்சே. கொழுப்பு." "வேலக்குப் போவாம நடிக்கிறான்." "குடிக்கிறான், வேற இன்னா." நீ குடிக்கவில்லை. ஆனால் நோய் இல்லை என்று நான் சொல்லிவிட்டேன். நோயைக் கழித்துவிட்டால் மீதி குணம்தானே. என் ஒரு சொல் உன்னைக் கெட்டவனாக்கியது.

ஆலையில் உன்னைக் காந்த அறையிலிருந்து எடுத்து லோடிங்குக்கு அனுப்பினார்கள். பெயரும் வைத்தார்கள். "கிராக் பாக்கறவனே கிராக்கா பூட்டான்டா." ஆரம்பித்தவன் டில்லி. உன்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன். அவன் எல்லோரையும் கிண்டல் செய்வான், உன்னை மட்டுமில்லை. ஆனால் மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள்.

அப்புறம் அந்தச் சனிக்கிழமை. கீர்த்தி தரையில் படுத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். யோசிக்கும்போது ஸ்கேலைத் தரையில் தட்டுவாள். டக். டக். டக். நீ கட்டிலில் காதைப் பொத்தினாய். அடுத்த தட்டலில் உன் டிபன் பாக்ஸ் பறந்தது. எவர்சில்வர். விளிம்பு புருவத்துக்கு மேலே இறங்கியது. நோட்டில் கணக்கு தெரியவில்லை, அவ்வளவு ரத்தம்.

மூன்று தையல்.

மறுநாள் நான் உன் எதிரில் உட்கார்ந்து வேறு டெஸ்ட் எடுக்கலாம் என்றேன். எகிறுவாய் என்று நினைத்தேன். "எடு" என்றாய். "எங்கன்னா கீதான்னு பாரு. இல்லன்னா என்ன கட்டிப் போடு."

முதலில் இ.இ.ஜி. வேறு மருத்துவமனை. தலை முழுக்கப் பசை தடவிக் கம்பிகள். மூளையின் மின்சாரம் மண்டையோட்டைத் தாண்டி வெளியே கசிகிறதே, அந்தக் கசிவை அது கேட்கிறது. கண்ணிமைக்கும் நேரத்தை நூறாகப் பிரித்து எழுதும். ஆனால் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று சரியாகச் சொல்லாது. அதோடு, கேட்கும் அந்த அரை மணி நேரம் மட்டும்தான் அதன் உலகம். சோதனைக்காகக் கண்ணெதிரே விளக்கை மினுக்கியபோது நீ கம்பிகளைப் பிய்த்து எறிந்தாய். ஆனாலும் அது வரைக்கும் எழுதியதில் வலிப்பின் அடையாளம் எதுவும் தெரியவில்லை. அண்ணி உன் முடியிலிருந்த பசையை இரண்டு நாள் தேய்த்துக் கழுவினாள். மணிக்கட்டில் புதிதாக ஒரு கட்டோடு.

கல்லூரியில் எங்களுக்கு வேறு படங்களும் காட்டியிருக்கிறார்கள். மூளை வேலை செய்யும்போதே எடுப்பது. சிவப்பும் மஞ்சளுமாகத் தீப்பிடித்த மாதிரி இருக்கும். கோபப்படும் மூளை, பயப்படும் மூளை என்று வாயைப் பிளந்து பார்த்தோம். பிறகு அந்த ஆசிரியர் சொன்னார், இது கோபம் இல்லை, கோபத்தின்போது ரத்தத்தின் ஆக்சிஜன் எங்கே மாறியது என்பதற்குக் கம்ப்யூட்டர் பூசிய வர்ணம். அதுவும் சில விநாடி தாமதமாக. இன்னொன்று, சர்க்கரையில் துளி கதிரியக்கம் கலந்து ஏற்றி, எந்தப் பகுதி அதிகமாக அதை உண்கிறது என்று பார்ப்பது. ஒருவனின் மூளை எங்கே சர்க்கரையைச் செலவழிக்கிறது என்று தெரியும். எதற்காக என்று தெரியாது. அவை இரண்டும் நம் சாலையில் இல்லை. நகரத்துக்குப் போக வேண்டும்.

எங்கள் சென்டரில் காந்தம் இருந்தது, எம்.ஆர்.ஐ. இயந்திரம். உரிமையாளரிடம் கேட்டு ஒரு ஞாயிறு காலையில் உன்னைப் படுக்க வைத்தேன். அந்தச் சத்தத்துக்குப் பெரிய பெரிய ஆட்கள் அலறி வெளியே வருவார்கள். குக்கர் விசிலுக்குக் கொலைவெறி பிடித்த நீ உள்ளே குறட்டை விட்டாய்.

"எங்க ஷாப் ஹாம்மருக்கு இது தாலாட்டுடீ," என்றாய் வெளியே வந்து.

எம்.ஆர்.ஐ. உடம்பின் நீரோடு பேசுகிறது. காந்தத்தால் அதை நிமிர்த்தி, ஒரு தட்டு தட்டி, எப்படித் தன் நிலைக்குத் திரும்புகிறது என்று கேட்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு படம். ஒரு கேள்வி இரும்புக்கானது. எப்போதோ கசிந்து காய்ந்த ரத்தம் தன் இரும்பை அங்கேயே விட்டுப்போகும். அது காந்தத்தைக் கலைக்கும். கலைந்த இடம் படத்தில் கறுப்பு.

அந்தப் படம் திரையில் வரிவரியாக இறங்கியது. நெற்றிக்குப் பின்னால், சாம்பலும் வெள்ளையும் சேரும் ஓரத்தில், மிளகைத் தூவியது போல. பதினொன்று வரை எண்ணினேன். பிறகு எண்ணவில்லை. கொக்கி அடித்தபோது உன் மூளை உள்ளே முறுக்கியிருக்கிறது. முடியைவிட மெல்லிய இழைகள் அறுந்திருக்கின்றன. சி.டி.க்கு அவை மிகச் சிறியவை. பொய் சொல்லவில்லை அது. நான்தான் சொன்னேன்.

திங்கள் மாலை டாக்டரின் ரிப்போர்ட்டோடு வீட்டுக்கு வந்தேன். ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். நீ ரொம்ப நேரம் பார்த்தாய். உன் இருட்டு அறைக் கண்ணால்.

"விஷுவல் ஓகே," என்றாய். "மேக்னட் ரிஜெக்ட்."

என் பையிலிருந்து சிவப்பு மார்க்கரை எடுத்து உன் நெற்றியில் நீயே ஒரு பொட்டு வைத்துக்கொண்டாய். "ஒரே வேலதான்டீ ரெண்டு பேரும் பாக்கறது." கீர்த்தி கட்டுப்போட்ட நெற்றியோடு சிரித்தாள். நான்கு மாதத்தில் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. புதன்கிழமை நரம்பியல் டாக்டரிடம் போவதாக இருந்தது.

செவ்வாய் மதியம், இரண்டாம் ஷிப்ட் நேரத்துக்குக் கிளம்பினாய். நீ வேலைக்காகப் போகவில்லை. நடிக்கவில்லை என்று சூப்பர்வைசரிடம் காட்டப் போனாய். ஒரு கையில் ஃபிலிம் உறை, மறு கையில் ஹெல்மெட்டோடு பேருந்து நிறுத்தத்தில் நின்றாய்.

டில்லி கேட்டான். "இன்னாடா கிராக்கு, கல்யாண ஆல்பமா? எங்களுக்கும் காட்டு."

நீ ஹெல்மெட்டால் அவன் வாயில் அடித்தாய். முன்பல் ஒன்று தெறித்தது. மறுபடி அடித்தாய். அவன் ரத்தத்தைத் துப்பிக்கொண்டே இரண்டு கையாலும் உன் மார்பில் தள்ளினான். நீ பின்னால் போனாய். அப்போதுதான் வந்து நின்ற பேருந்தின் படிக்கட்டு. அதன் இரும்பு விளிம்பு.

பேருந்து ஃபிலிமின் மேல் ஏறி நின்றிருந்ததாம்.

மறுபடியும் என் மேசை, அண்ணா. வேறு யாரும் அன்று பணியில் இல்லை. உன் தலையைத் தாங்கியில் வைத்தேன். பொருந்தவில்லை. நீ சிரிக்கவில்லை. நெற்றியில் அந்தச் சிவப்புப் பொட்டு பாதி அழிந்து இருந்தது.

படம் வந்தது. வெள்ளை. பாதி மண்டை வெள்ளை, மூளையின் நடுக்கோடே ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. டாக்டரை எதிர்பார்க்கத் தேவையில்லாத படம். முதல் படத்தில் நான் தேடிக் காணாத வெள்ளை.

சி.டி.யில் புது ரத்தம் வெள்ளை. காந்தத்தில் பழைய ரத்தம் கறுப்பு. உன் ரத்தத்தை இரண்டு நிறத்திலும் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

ஆம்புலன்ஸ் நகரத்தை எட்டவில்லை.

ஒரு வருடம் ஆகப்போகிறது. டில்லி ஜாமீனில் இருக்கிறான். ஒரு நாள் வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை. "நான் சொம்மா தள்ளனேன், தங்கச்சி. அவன் மண்ட ஒடஞ்சி கீதுன்னு எனக்குத் தெரியாதே." பல் போன இடத்தில் காற்று வந்தது. நான் கதவைச் சாத்தினேன். அவனுக்குத் தெரியாமல் போனதற்கு நானும் காரணம் என்று சாத்திய பிறகு தோன்றியது.

கீர்த்திக்கு எளிதான ஒரு பதிலைத் தயார் செய்து வைத்திருந்தேன். அடித்தது அப்பா இல்லை, காயம். பாரு, இந்தப் புள்ளிகள். எவ்வளவு அழகான பதில். இன்று காலை அதை அண்ணியிடம் சொல்லிப் பார்த்தேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"கீர்த்தி வயித்துல இருக்கசொல்ல ஒருவாட்டி அடிச்சாரு, சுதா. நான் ஃபோன் எடுக்கலன்னு. கன்னத்துல. அப்போ எந்தக் கொக்கி மண்டையில பட்டுச்சு?"

இப்போது நிமிர்ந்தாள்.

"அந்தப் புள்ளி எங்க கீது, காட்டு."

அண்ணா, அப்போது உன்னை யாரும் ஸ்கேன் எடுக்கவில்லை. கொக்கிக்கு முந்தைய உன் மூளையின் படம் உலகத்தில் எங்கும் இல்லை. இப்போதைய படத்தை எதோடு வைத்துப் பார்ப்பேன்? அண்ணியின் கன்னத்தில் விழுந்த அந்த அறை உன்னுடையதா? அப்படியானால் டிபன் பாக்ஸில் எவ்வளவு உன்னுடையது, எவ்வளவு கொக்கியுடையது? இதை அளக்கும் இயந்திரம் எது?

அண்ணி கீரைக் காம்பை ஒடித்தாள். "அதுக்கோசரம் அவர் தலைய நான் கழுவலியா?" என்றாள்.

மாலை. சொல்லிவிட்டேன்.

கீர்த்தியை சென்டருக்குக் கூட்டிப்போய் படங்களைத் திறந்தேன். கடைசிப் படத்தைத் திறக்கவில்லை.

"இது அடிபட்ட அன்னிக்கு. இதுல ஒண்ணும் தெரியல. இது நாலு மாசம் கழிச்சு."

"இந்தக் கறுப்புதான் கோவமா?"

"ரத்தம் கசிஞ்சு காஞ்ச எடம். இந்த எடத்துல அடிபட்டா, கோவம் வரும்போது புடிச்சு நிறுத்தறது ரொம்ப கஷ்டம்."

"அப்போ என்ன அடிச்சது அப்பாவா, புள்ளியா?"

தயார் செய்த பதில் நாக்கில் இருந்தது. விழுங்கினேன்.

"தெரியல, கீர்த்தி."

அவள் என்னையே பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன்.

"அப்பாவுக்கு என்னப் புடிக்காதுன்னு இதுல கீதா?"

"இதுல அதெல்லாம் தெரியாது. ஆனா ஸ்கேன் இல்லாமலே நான் பார்த்தது ஒண்ணு இருக்கு. உனக்கு ரத்தம் வந்தப்போ உன்னத் தூக்கினு செருப்பு கூட போடாம ஓடினது யாரு?"

"அப்பா."

"ஆட்டோவுல?"

"கைய வெச்சி அமுத்திக்கினே இருந்துச்சு. தையல் போடற வரைக்கும் எடுக்கல." தழும்பைத் தொட்டாள். "அந்தக் கை ஃபுல்லா ரத்தம், அத்த." "அதே கைதான்," என்றாள்.

ஆமாம் என்றேன். அதே கைதான்.

மேசையில் மஞ்சள் ஒட்டுத்தாள் இருந்தது. ஒன்றைக் கிழித்து, திரையில், உன் படத்தின் ஓரத்தில் ஒட்டினாள். எதுவும் எழுதவில்லை.

"அப்போ அப்பா மஞ்சள்," என்றாள்.

எறியவும் மாட்டோம், அண்ணா. வெள்ளைப் பொட்டு வைத்து அனுப்பவும் மாட்டோம். மூன்று பேரும் உன்னைத் தனியாக எடுத்து வைத்துத் திரும்பத் திரும்பப் பார்ப்போம்.

என்னால் செய்ய முடிவது ஒன்றுதான். இந்தச் சாலையின் ஆலைகளிலிருந்து வாரம் ஒரு தலையாவது என் மேசைக்கு வருகிறது. இனி எவனிடமும் ஒண்ணும் இல்லை என்று சொல்லமாட்டேன். "இந்தப் படத்துல எதுவும் தெரியல. வூட்டுல உனக்குக் கோவம் மாறுச்சுன்னா, தூக்கம் மாறுச்சுன்னா, திரும்ப வா. பொண்டாட்டியையும் கூட்டினு வா, அவங்களக் கேக்கணும்." எச்.ஆர். ஆள் பக்கத்தில் நின்றாலும் சொல்வேன். உரக்கச் சொல்வேன். இது உன் பெரிய மண்டையின் மேல் சத்தியம்.

"இல்ல" என்று சொன்ன,
உன் தங்கச்சி
சுதா